தம்பேதன்ன: மேலிருந்து கீழே நடங்கள்

இலங்கையின் ஹப்புத்தளைக்கு அருகே, தம்பேதன்னத் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கிற பார்வையிடமான லிப்டன் சீட்டுக்கு நடந்து ஏற வேண்டாம். ஆட்டோ பிடித்து மேலே போய்விட்டு, வரும்போது நடந்து இறங்குங்கள். ஹப்புத்தளைக்கு வருகிற பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆறுதலாக எழும்பி, எட்டு மணிக்குத் தம்பேதன்னவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏழு கிலோமீட்டர் ஏறி, பத்தரைக்கு உச்சியில் நிற்கும்போது எதிரே எதுவும் இருக்காது. கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளையாகப் பனி மூடியிருக்கும். அரை மணி நேரம் காத்திருந்தும் விலகாமல், ஏமாற்றத்தோடு அதே வழியில் இறங்குவார்கள்.

அந்தப் பனி தற்செயலாக வருவதில்லை. ஹப்புத்தளை மலைமுகட்டின் மேல் சுமார் 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். தெற்கே நிலம் ஆயிரம் மீட்டருக்கு மேல் சடாரென்று விழுந்து வெல்லவாயப் பக்கத்துச் சமவெளிக்குப் போகிறது. காலை வெயில் அந்தச் சமவெளியைச் சுட வைத்ததும் ஈரக் காற்று சரிவோடு மேலேறி, உயரத்தில் குளிர்ந்து முகிலாகிறது. தெளிவான நாட்களில்கூட ஒன்பது, ஒன்பதரைக்கு அது லிப்டன் சீட்டை எட்டிவிடும். சில நாள் பின்னேரம் கொஞ்சம் திறக்கும், ஆனால் அதை நம்பிப் பயணம் வைக்க முடியாது. ஆகவே 1,970 மீட்டர் உயரத்து உச்சியில் விடியற்காலையில் நிற்க வேண்டும். மற்றெல்லாம் அதற்குப் பிறகு.

விடியும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். மே, ஜூனில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். பெப்ரவரியில் ஆறரைக்குக் கிட்டத்தான் சூரியன் எழும். ஹப்புத்தளை டவுனிலிருந்து தம்பேதன்ன ஸ்டோர் (தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) பத்து கிலோமீட்டர், அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஏழு. ஒடுக்கமான, வளைவு மிகுந்த பாதை. ஆட்டோவுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. முந்தின நாள் பின்னேரமே ஆட்டோக்காரரிடம் பேசி வையுங்கள். பேசும்போது "போக மட்டும்" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். பெரும்பாலானோர் காத்திருந்து திரும்பக் கூட்டிப் போவதையும் சேர்த்தே கூலி சொல்வார்கள். மேலே போன பிறகு அது தெரிய வந்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. நுழைவுக் கட்டணமும் உண்டு, உள்நாட்டாருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்கு வேறு. சில்லறையாகக் காசு வைத்திருங்கள்.

மேலே குளிரும். காற்றும் சேர்ந்தால் மெல்லிய சட்டை போதாது. அதற்காகத் தடித்த கம்பளி கொண்டு போனால் இறங்கும்போது அது பாரம். உள்ளே பருத்திச் சட்டை, மேலே காற்றுத் தடுக்கும் ஒரு மழைச்சட்டை என்று இரண்டு அடுக்காகப் போட்டால் வெயில் ஏற ஏறக் கழற்றிப் பையில் வைக்கலாம். குடையை மட்டும் நம்பாதீர்கள், முகட்டுக் காற்று அதைத் திருப்பிவிடும்.

உச்சியில் தோமஸ் லிப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சிலை. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய கிளாஸ்கோ கடைக்காரர் அவர். தன் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்க அவருக்குப் பிடித்த இடம் இது என்பார்கள். வானம் திறந்திருந்தால் தெற்கே உடவளவை நீர்த்தேக்கமும், இன்னும் நல்ல நாளானால் ஹம்பாந்தோட்டைக் கடற்கரை வரையும் தெரியும். கடையில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கிடைக்கும். அங்கேயே காலைச் சாப்பாட்டை முடித்து, ஏழு, ஏழரைக்கு இறங்கத் தொடங்குங்கள்.

பார்க்க வேண்டியதில் பாதி இனித்தான் வருகிறது. ஏறும்போது ஆள் மூச்சையும் தூரத்தையும் எண்ணிக்கொண்டு போவார். இறங்கும்போதுதான் காலடியும் பக்கத்து மலையும் கண்ணில் படும். "மலை" என்று இங்கே சொன்னால் அது ஒரு தேயிலை வயல். ஒவ்வொரு மலைக்கும் ஒரு இலக்கம் உண்டு. வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் எடுத்து, இன்று இந்த மலை, நாளைக்கு அந்த மலை என்று அனுப்புவார்கள். கொழுந்து வளர்கிற வேகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தடவை அதே மலைக்குத் திரும்பி வருவார்கள். அதனால் நேற்று ஆட்கள் நிறைந்திருந்த மலை இன்று வெறிச்சென்று இருக்கும். கொழுந்து எடுப்பதைப் பார்க்க விரும்பினால் ஓரிடத்தில் நின்று தேட வேண்டாம், பாதையோடு இறங்குங்கள், ஏதாவது ஒரு வளைவில் ஆட்கள் நிற்பார்கள். ஞாயிறும் போயா நாளும் (பௌர்ணமி விடுமுறை) பெரும்பாலும் வேலை இராது.

சில மலைகளில் செடிகள் இலையே இல்லாமல், கருகிய கிளைக் கூடாக நிற்கும். நோய் பிடித்ததோ, தீ வைத்ததோ என்று நினைத்துவிடாதீர்கள். அது கவ்வாத்து வெட்டிய மலை. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை மட்டமாக வெட்டிவிட்டால்தான் இடுப்பளவில் புதுக் கிளை விட்டு, கொழுந்து தரும் மேல்மட்டம் திரும்ப உருவாகும். நடப்பவருக்குக் கவ்வாத்து மலை ஒரு கொடுப்பினை. இலை மறைப்பில்லாததால் மண்ணின் வடிவம் முழுதாகத் தெரியும். கல்லடுக்கிக் கட்டிய தாங்கு சுவர்கள், சரிவுக்குக் குறுக்கே ஓடுகிற கான்கள், நடுவே செங்குத்தாக இறங்குகிற கற்படிகள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். இந்தச் சுவரும் கானும் படியும் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கையால் செய்தவை. சிலையோ பெயர்ப்பலகையோ அவர்களுக்கு இங்கே இல்லை, வேலை மட்டும் அப்படியே நிற்கிறது. 2023இல், இந்தத் தோட்டத் தமிழரான மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆன நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். முன்னோர் வந்த வழி அது. அந்த நடையின் தொடர்ச்சியாகத்தான் தம்பேதன்னப் படிகளை நான் பார்க்கிறேன்.

இனிக் கானைப் பற்றி. மழைத் தண்ணீர் நேராக ஓடி மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்காக வெட்டிய வாய்க்கால்தான் கான். இடையிடையே மண் தங்க ஒரு பள்ளமும் இருக்கும். செடி வளர்ந்த மலையில் இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே மூடிவிடுவதால் கான் இருப்பதே தெரியாது. படம் எடுக்கச் செடிகளுக்குள் இறங்கும் ஆட்கள் கால் பிசகுவது இங்கேதான். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஒவ்வொரு கானும் மனப்பாடம், நமக்கு இல்லை. பாதையிலும் படியிலும் மட்டும் நடங்கள். செடியை மிதித்து முறித்தால் அந்தக் கிளையின் கொழுந்து போனது போனதுதான்.

தார்ப் பாதை வளைந்து வளைந்து இறங்கும். வளைவுகளை வெட்டிக்கொண்டு குறுக்குப் பாதைகளும் உண்டு. அவற்றில் இறங்கினால் நேரமும் மிச்சம், மலைக்கு உள்ளேயே நடந்த மாதிரியும் இருக்கும். எதில் இறங்கலாம், எதில் கூடாது என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள். கல்லோ கொங்கிரீட்டோ போட்ட, நடுவில் தேய்ந்த படியானால் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தினமும் போகிற வழி, தயங்காமல் இறங்கலாம். வெறும் மண்தடமாகச் செடிகளுக்கு நடுவே போனால் அது கொழுந்து எடுக்கப் போகிற தடம், பாதி வழியில் ஒரு கானில் முடிந்துவிடும். இரண்டாவது, கீழே அடுத்த வளைவின் தார் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பனிக்குள் அது தெரியாவிட்டால் குறுக்கை விட்டுவிட்டுத் தார்ப் பாதையிலேயே போங்கள். மழை பெய்த மறுநாள் கற்படியில் பாசி வழுக்கும். படியின் நடுவில் கால் வைக்காமல், சொரசொரப்பு மிஞ்சியிருக்கிற ஓரத்தில், பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டாக வைத்து இறங்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் குறுக்குப் படிகளைத் தவிர்த்துப் பாதையிலேயே இறங்கலாம். சாய்வு மெதுவானது. பாதையில் நடந்தால் ஸ்டோர் வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நின்று பார்த்துப் போனால் இரண்டரை. ஒரு லீட்டர் தண்ணீர் ஓர் ஆளுக்குப் போதும்.

வழியில் லயங்கள் வரும், கோயில் வரும், பிள்ளைக் காம்பரா என்கிற குழந்தைக் காப்பகம் வரும். லயத்து வாசலை ஒட்டியே பாதை போகிற இடங்களில் நீங்கள் நடப்பது ஒருவருடைய முற்றத்தில். தண்ணீர் கொட்டுகிற பீலியில் பெண்கள் குளிக்கிற, துவைக்கிற நேரமாக இருக்கலாம், அந்தப் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாது. தமிழில் "வணக்கம் அக்கா" என்று சொல்லிப் போனால் பதிலுக்குச் சிரிப்பும், அனேகமாக எந்த ஊர் என்ற விசாரிப்பும் வரும். கொழுந்து எடுப்பவரைப் படம் பிடிக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள், வேலையை நிறுத்தி நிற்கச் சொல்லாதீர்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, பின்னேரம் தராசில் குறைந்தால் நீங்கள் போய் ஈடுகட்ட முடியாது. பேச நல்ல நேரம் கொழுந்து நிறுக்கிற இடம். மூட்டையை இறக்கி வைத்துக் காத்திருக்கும்போது அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். நாய்கள் குரைக்கும். ஓடாமல் அதே வேகத்தில் நடந்தால் எல்லை தாண்டியதும் விட்டுவிடும்.

கீழே ஸ்டோர். 1890இல் லிப்டன் கட்டிய நீண்ட கட்டடம். உள்ளே சுற்றிக் காட்டுவார்கள், கட்டணம் உண்டு. ஒன்பதரை, பத்து மணிக்குள் போவது நல்லது. முதல் நாள் வந்த கொழுந்து இரவெல்லாம் மேல் தளத்தில் காற்றூட்டி வாட வைக்கப்பட்டு, காலையில் உருட்டும் இயந்திரத்துக்கு வந்திருக்கும். உருட்டியதைப் பரப்பி வைக்கும்போது பச்சை செம்பு நிறமாக மாறுவதையும், வாசம் மாறுவதையும் பக்கத்தில் நின்று உணரலாம். பிறகு சூட்டில் உலர்த்தல், சலித்துப் பிரித்தல். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். மலையில் பார்த்த மூட்டைகளை நினைத்தால் அந்தக் கணக்கு விளங்கும். வேலை இல்லாத நாளில் போனால் நிற்கிற இயந்திரங்களைத்தான் பார்ப்பீர்கள். ஞாயிறு போயாவைத் தவிருங்கள் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

தேயிலை வாங்குகிற எண்ணம் இருந்தால் ஊவாப் பருவம் (இந்த ஊவா மாகாணத் தேயிலைக்கு மணம் கூடுகிற காலம்) ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கச்சான் என்கிற தென்மேற்குப் பருவக் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு இந்தப் பக்கம் வரும். அந்த வறட்சியில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் ஏறும். அந்த மாதங்களில் முகட்டில் காற்று பலமாக இருக்கும் என்பதையும் நடப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை நடைக்கு எனக்குப் பிடித்த காலம். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வேண்டாம்.

அந்த "வேண்டாம்" நனைவதைப் பற்றியது மட்டும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே மலைத் தொடரின் கீழ்ச் சரிவில் கொஸ்லந்தவுக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு. ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்துக்கு மஞ்சள் போட்டிருந்தாலே நடையைத் தள்ளிவையுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும், ஊற்று திடீரென்று கலங்கி ஓடினால், பாதையில் புதிய வெடிப்புத் தெரிந்தால், மரங்கள் புதிதாகச் சாய்ந்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டாமல் திரும்பி, கீழே உள்ள லயத்தாரிடம் சொல்லுங்கள்.

குளவி இன்னோர் ஆபத்து. தோட்டத்து ஆட்கள் பாம்பைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். மரத்திலும் பாறையிலும் தேயிலைச் செடிக்குள்ளும் கூடு இருக்கும். பருந்து கொத்தினாலும், கல் பட்டாலும், கூட்டமாகக் கிளம்பும். கூடு இருக்கிற மரத்தைக் காட்டி யாராவது "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் கேளுங்கள். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள இடத்துக்குள் போக வேண்டும். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சு இறுகினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். அருகில் தியத்தலாவையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

அட்டை தார்ப் பாதையில் பெரிதாக இல்லை, ஈரப் புல்லில் உண்டு. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையில் சவர்க்காரமோ சித்தாலேப என்கிற மூலிகைத் தைலமோ பூசினால் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் வழித்துவிடுங்கள்.

இவ்வளவும் அதிகம் என்று தோன்றுகிற முதியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தம்பேதன்ன வீதியே போதும். ஸ்டோரிலிருந்து ஹப்புத்தளை டவுன் வரையான பத்து கிலோமீட்டரில் பெரிய ஏற்றம் இல்லை, மலையின் இடுப்பைச் சுற்றி வருகிற பாதை. டவுனிலிருந்து பஸ்ஸில் வெளியே போய், நடந்து திரும்புங்கள். காலையில் மேற்கு நோக்கி நடந்தால் வெயில் முதுகில் விழும், முன்னால் மலைகள் வெளிச்சத்தில் இருக்கும். எதிர்த் திசையில் நடந்தால் முழு வழியும் கண் கூசும். பஸ் அந்த வழியே ஓடுவதால் களைத்த இடத்தில் கை காட்டி ஏறலாம், ஆனால் வளைவில் நின்று கை காட்டாதீர்கள், ஓட்டுநருக்குத் தெரியாது. நடைபாதை கிடையாது. எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வலப்பக்கம் போக வேண்டும். டவுனை நோக்கி வரும்போது அது மலைப் பக்கமாகவே அமையும். பள்ளத்துப் பக்கத்து ஓரம் மழையில் அரித்து உள்ளே வெறுமையாக இருக்கக்கூடும், அங்கே ஒதுங்கி நிற்கக் கூடாது.

டவுனுக்கு மறுபக்கம், மேற்கே மூன்று கிலோமீட்டரில் அடிஷம். தோமஸ் வில்லியர்ஸ் என்ற தோட்டக் கம்பனிக்காரர் 1931இல் கருங்கல்லில் கட்டிய ஆங்கில மாளிகை, இப்போது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில் மட்டும் திறப்பார்கள், மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள். தோட்டத்தில் வேலை இல்லாத ஞாயிறுக்கு இதை வைத்துக்கொண்டால் இரண்டு நாளும் வீணாகாது. வீட்டுக்குள் பார்க்க விடுவது சில அறைகள்தான். மரங்களுக்கு நடுவே போகிற பாதைதான் எனக்கு அந்த வீட்டைவிடப் பெரிது. துறவிகள் செய்கிற ஜாம் வாங்கலாம், போத்தல் கனம், திரும்பும்போது வாங்குங்கள்.

அடிஷத்துக்கு அப்பால் தங்கமலைக் காட்டு முகட்டோடு இதல்கஸ்ஹின்ன வரை ஒரு வழி உண்டு. அது லேசான நடை இல்லை. காட்டுக்குள் தடம் பிரிகிறது, பிறகு தண்டவாளத்தில் போய்ச் சேர்கிறது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், வளைவில் ரயில் வரும் சத்தம் கடைசி நேரத்தில்தான் கேட்கும். இதல்கஸ்ஹின்னவைப் பார்க்க ஆசையானால் ஹப்புத்தளையில் ரயில் ஏறி ஒரு நிலையம் போய் இறங்குங்கள். முகட்டின் மேலேயே இருக்கிற நிலையம், மேடையில் நின்றால் இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கும் தெரியும். ஏறும் முன்பே திரும்பி வரும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்குச் சில ரயில்கள்தான், அங்கே பெரிய கடை கிடையாது, இருட்டியதும் குளிர் இறங்கிவிடும்.